இரண்டு சரிக்கு இரண்டு மாத்திரை

போன வாரம் மாடிக்காரரை நாற்பது மீட்டர் உயரத்தில் தூங்கவிட்டுவிட்டு வந்தோம். கவலை வேண்டாம். எழுப்பிவிட்டார்கள்.

மாடிக்காரர் என்றால் மாடிவீடு உள்ளவர் அல்ல. குடியிருப்பது தரைத்தளத்தில்தான். பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்று எழும்புகிற இடத்தில், அதைவிட உயரமான கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியும் கல்லும் தூக்கி இறக்குகிற மனிதர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டவர்கள் வைத்த பெயர் அது.

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கான்கிரீட் தொட்டியை நடுவானத்தில் தொங்கவிட்டு அவர் பதினொரு நிமிஷம் கண்ணயர்ந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் யார் தப்பு என்று கீழே பேசி முடிப்பதற்குள், தொட்டிக்குள் இருந்த கான்கிரீட் காத்திருந்து காத்திருந்து இறுகிவிட்டது. தொட்டி வடிவத்திலேயே அதைத் தட்டி எடுத்து வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். காவலாளி இப்போது அதன்மேல்தான் உட்காருகிறார். நாற்காலியைவிடச் சுகம் என்கிறார்.

இன்று புதன்கிழமை. மூன்று மணிக்கு நிறுவனத்தின் டாக்டர் பார்க்கிறார். அவர் சம்மதித்தால் மாடிக்காரர் மறுபடி மேலே. இல்லையென்றால் ஆயுசுக்கும் தரையில். அதுவரை கூண்டு பூட்டிக் கிடக்கிறது. சாவி மாடிக்காரர் இடுப்பில் இருக்கிறது.

"நீங்க என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு சொல்ல வீட்டுலேருந்து யாராவது வரட்டும்" என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

யாராவது என்று சொன்னது இன்ஜினியரின் அனுபவக் குறைவு.

மாடிக்காரர் வீட்டில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் அக்கா. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வார்டில் நோயாளிகள் கேட்காமல் இருமியதில்லை. ஒருவர் செத்துப்போன பிறகும், அக்கா வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாராம்.

இன்னொருவர் மனைவி. மருந்துக் கடையில் பதினான்கு வருஷமாக நிற்கிறாள். டாக்டர்கள் தாங்களே எழுதியது என்னவென்று மறந்துபோய் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூக்கு மாட்டினால் என்ன ஆகும்?

தூசி ஒவ்வாமை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். முதல் தவணை இருபத்தேழு தும்மல். கூடாது, குறையாது. தெருவில் பலர் அலாரம் வைப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

"விடியக்காலைல வர்ற தும்மலுக்கு முந்தின ராத்திரியே மாத்திரை உள்ள போயிருக்கணும்" என்றார் அக்கா. "திருடன் போனப்புறம் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்?"

"ராத்திரி அந்தப் பழைய மஞ்சள் மாத்திரையைப் போட்டா மறுநாள் மத்தியானம்வரைக்கும் தலை தொங்கும் அண்ணி. இவர் என்ன கட்டில்லயா வேலை பாக்கறாரு? தூக்கம் தராத புது மாத்திரை வந்திருக்கு. காலைல ஆறரைக்குப் போட்டா போதும்."

"பொட்டலம் மடிக்கறவ எனக்கு மருந்து சொல்லித் தர்றா."

"படுக்கை விரிப்பு மாத்தினவங்க சொல்லும்போது நான் சொல்லக் கூடாதா?"

இது மூன்று வாரத்துக்கு முந்தைய பேச்சு. அன்று இரவு அக்கா தம்பியைத் தனியே பிடித்தார். "டேய், ராத்திரி ஒன்பது மணி. சரியா?"

"சரிக்கா."

மறுநாள் காலை மனைவி பிடித்தாள். "ஆறரைக்கு. சரிங்களா?"

"சரிம்மா."

மாடிக்காரரின் வாழ்க்கையே அந்த ஒரு சொல்லில்தான் ஓடியது. மனைவி ஜன்னலைத் திறந்தால் சரி, அக்கா அதைச் சாத்தினால் சரி. அவர் கூண்டை விரும்பியதற்குச் சம்பளமோ காற்றோ காரணமில்லை. நூற்றுத் தொண்ணூறு படி. அக்காவுக்கு முட்டி வலி. மனைவிக்கு மூன்றாவது படியிலேயே தலை சுற்றும். இரண்டு பேரும் வர முடியாத இடம் பூமியில் இல்லாததால் அவர் அந்தரத்தில் ஒன்று தேடிக்கொண்டார். அங்கே யாருக்கும் சரி சொல்ல வேண்டியதில்லை. கையசைவு தெரிந்தால் போதும்.

இரண்டு சரி சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியிடம், "அக்கா குடுக்கறதை நான் எங்க முழுங்கறேன்? ஜன்னல் வழியா பூந்தொட்டியில போட்டுடறேன்" என்றார். அக்காவிடமும் அதே பூந்தொட்டியைச் சொன்னார். இருவரும் நம்பினார்கள். அந்தச் செடி சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொள்ளும் ஜாதி. "பாவம், மாத்திரை அசத்துது" என்று இருவரும் தனித்தனியே அதற்கு இரக்கப்பட்டார்கள்.

உண்மை என்னவென்றால் அவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். கொடுக்கிறவர்கள் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் நகர்ந்தால்தானே எறிவதற்கு.

தும்மல் நின்றுவிட்டது. யாரால் நின்றது என்பதில் வீடு இரண்டாகப் பிளந்தது.

இன்று காலையும் மனைவி மாத்திரையோடு வந்து நின்றாள். விழுங்கினார்.

"டாக்டர் முன்னாடி அண்ணி வாயைத் திறந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். "உங்களைக் கொண்டுபோய்க் கூண்டுல தூங்க வெச்சதே அவங்க பேச்சு. நல்லவேளை, மாத்திரை செடிக்குப் போகுது. உங்களுக்கே போயிருந்தா?"

"ஆமாமா" என்றார் மாடிக்காரர். அது சரிக்குத் தம்பி.

வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார், மூக்கை என்ன பண்ணினீங்க? மூணு வாரமா கடையைத் திறக்க லேட்டாகுது. நடுவுல போன வியாழக்கிழமை ஒரு நாள் தும்மினீங்க, சரியான நேரத்துக்குப் போனேன். மறுபடி நிறுத்திட்டீங்க. ஒண்ணு தினம் தும்முங்க, இல்லேன்னா சொல்லிடுங்க, நான் அலாரம் வாங்கிக்கறேன்."

மாடிக்காரருக்கு இருந்த கவலையில் அது காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் ஏறவில்லை. நமக்கு ஏறினால் போதும்.

டாக்டருடைய அறை ஒரு தகரப் பெட்டி. மின்விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பும். மூன்று நாற்காலி. நடுவில் மாடிக்காரர் உட்காருவதற்குள் அக்கா இடப்பக்கமும் மனைவி வலப்பக்கமும் நாற்காலியை நெருக்கிப் போட்டுவிட்டார்கள்.

வாசலுக்கு வெளியே மச்சினன் நின்றான். மனைவியின் தம்பி. கிரேனுக்குப் பதில் ஆள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே மாடிக்காரர்தான். அன்றைக்கு ஏறிப்போய் மாமாவை எழுப்பியவன் அவன். ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

"தும்மலுக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

"ராத்திரி ஒன்பது மணி" என்றார் அக்கா. "என் கையால."

மனைவி மெல்லச் சிரித்தாள். "அப்படி அவங்க நெனச்சிட்டிருக்காங்க டாக்டர். நானும் வயசானவங்கன்னு விட்டுட்டேன். இவர் போடறது காலைல ஆறரைக்கு. நான் குடுக்கறது."

அக்காவும் சிரித்தார். "அது எங்க போகுதுன்னு அவளுக்குத் தெரியாது டாக்டர். பாவம். கேட்டா வருத்தப்படுவா."

"எங்க போகுதாம்?"

"பூந்தொட்டிக்கு."

"அங்க போறது உங்களோடது அண்ணி."

"என்னடீ சொல்றே?"

டாக்டர் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் இருங்க. அவர் சொல்லட்டும்." மாடிக்காரர் பக்கம் குனிந்தார். "கவனமாச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை போட்டதுக்கே அப்படித் தூங்கிட்டீங்கன்னா, உங்க உடம்பு அந்த வேலைக்கு ஆகாது. நான் உங்களை மேலே அனுப்ப முடியாது. எப்பவுமே முடியாது. எந்த மாத்திரை போடறீங்க? காலையா, ராத்திரியா?"

ஜன்னலில் கிரேன் தெரிந்தது. வெயிலில் கூண்டுக் கண்ணாடி மின்னியது. பூட்டிக் கிடந்தது.

காலை என்றால் அக்காவுக்குக் கோபம். ராத்திரி என்றால் மனைவிக்கு. இரண்டில் எதைச் சொன்னாலும் ஒருத்தி கோபத்தோடு தப்பித்துவிடலாம். ஆனால் கூண்டு போய்விடும். உண்மையைச் சொன்னால் கூண்டுக்கு ஒரு வழி இருக்கலாம். வீட்டுக்கு வழியில்லை.

மாடிக்காரர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும்" என்றார்.

மின்விசிறிகூட ஒரு சுற்று யோசித்துத்தான் திரும்பியது.

"ரெண்டும்னா?" மனைவி கேட்டாள்.

"ரெண்டும்தான். மூணு வாரமா."

"அப்போ பூந்தொட்டி?"

"அது சும்மா இருக்கு."

அக்கா எழுந்தார். "ஏன்டா, அவ குடுக்கற விஷத்தையும் முழுங்கிட்டு என்கிட்ட வந்து வாயைத் திறந்து காட்டினியா? முப்பத்தோரு வருஷம் ஒரு நோயாளி என்னை ஏமாத்தினதில்ல. பெத்தவங்க இல்லாத வீட்டுல உன்னைத் தூக்கி வளர்த்ததுக்கு இதுவா?"

"வளர்த்த லட்சணம்தான் தெரியுதே" என்றாள் மனைவி. அடுத்த நொடி திரும்பினாள். "பதினெட்டு வருஷமா நீங்க எனக்குச் சொன்ன சரியெல்லாம் இனிமே ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும்போல இருக்கே. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டப்ப ஒரு சரி சொன்னீங்களே. அதே நாள்ல வேற எங்கயாவது இன்னொரு சரி சொன்னீங்களா?"

டாக்டர் மறுபடி மேசையைத் தட்டினார். இம்முறை கொஞ்சம் பயத்தோடு.

"கேளுங்க. தும்மல் விடியக்காலைல வருது. மாத்திரை உடம்புல ஏறி நிக்கறதுக்கு நேரம் வேணும். அதனால சாயங்காலம் ஏழரை மணி நல்லது. இன்னிக்கே தொடங்கி தினமும் அதே ஏழரை. தூக்கம் வராத புது மாத்திரை, ஒண்ணே ஒண்ணு. மஞ்சளைத் தொடவே கூடாது. ரெண்டு வாரம் கீழே வேலை. அப்புறம் வாங்க, பாத்துட்டு அனுப்பறேன்."

"சாயங்காலம்னா ராத்திரிக்குப் பக்கம்" என்றார் அக்கா. "நான் சொன்னது."

"புது மாத்திரைன்னா என் மாத்திரை" என்றாள் மனைவி. "நான் சொன்னது."

"யார் குடுக்கறதுன்னு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "நான் குடுக்க மாட்டேன்."

பதினெட்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. வெளியே நின்ற மச்சினனுக்கும் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். தகரத்துக்கு ரகசியம் தெரியாது. "ரெண்டு வாரம்தானே மாமா" என்றான். ரொம்ப ஆறுதலாகச் சொன்னான்.

பேருந்தில் அக்காவும் மனைவியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மாடிக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று இருக்கை காலியாக இருந்தது. உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மூஞ்சியைப் பாருங்க அண்ணி."

"பச்சைப் பிள்ளை மாதிரி வெச்சிருக்கான். அமுக்கன்."

"நீங்க வளர்த்ததைச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"உண்மையைத்தானே சொன்னே. ஆனா கட்டிட்டு மேய்க்கத் தெரியாதது உன் தப்பு."

"அது சரிதான்."

மாடிக்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சண்டை போட்டால் வீட்டில் ஒரு மூலையாவது மிஞ்சும். சமாதானமாகிவிட்டால் அவர் எங்கே ஒதுங்குவார்?

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. அக்கா தன் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஆஸ்பத்திரிப் பழக்கம். வீட்டில் யாருக்கு எது கொடுத்தாலும் தேதி, மணி எழுதிச் சுழித்துவிடுவார். அந்த நோட்டில் பூனைக்குப் பால் வைத்த நேரமும் இருந்தது. மனைவி தன் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்தாள். கடைப் பழக்கம். ஒவ்வொரு மாத்திரையையும் பிதுக்கியதும், அந்தக் குழிக்குப் பின்னால் பேனாவால் தேதி குறித்துவிடுவாள்.

"எத்தனை முழுங்கியிருக்கான்னு பாத்துடலாம்" என்றார் அக்கா.

நோட்டு ஒருபுறம், அட்டை ஒருபுறம். இரண்டு விரல்கள் தேதி தேதியாக இறங்கின. மாடிக்காரர் சுவரோரமாக நின்றார். திங்கள், இரண்டு. செவ்வாய், இரண்டு. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வசவு விழுந்தது. அக்கா விரல் நின்றது.

"போன புதன் ராத்திரி நான் எழுதல. அன்னிக்கு ஆஸ்பத்திரித் தோழி வீட்டுல தங்கிட்டேன்."

"மறுநாள் வியாழக்கிழமை காலைல என் அட்டையிலயும் இல்லையே." மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரக்கு எடுக்கற நாள். நாலரை மணிக்கே கடைக்குப் போயிட்டேன்."

"வியாழக்கிழமைதானே தூங்கினே?" அக்கா தலையைத் தூக்கினார். "அன்னிக்கு என்னடா முழுங்கினே?"

"ஒண்ணும் முழுங்கல." மாடிக்காரருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. "யாரும் குடுக்கல. நிம்மதியா எழுந்து, நிம்மதியாத் தும்மினேன். தையல்காரர்கூட இன்னிக்குச் சொன்னாரு."

"பொய்."

"சத்தியமாக்கா. கிரேன் அடிவாரம்வரைக்கும் தும்மிட்டே போனேன்."

"ஏறினப்புறம்?" மனைவி கேட்டாள். குரல் மாறியிருந்தது. கடையில் சந்தேகமான சீட்டைப் பார்க்கும் குரல்.

மாடிக்காரர் யோசித்தார். "ஏறினப்புறம் வரல. ஒரு தும்மல்கூட வரல."

"மாத்திரை இல்லாம எப்படி நிக்கும்? ஏறறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. டீ. உன் தம்பி ஃப்ளாஸ்க்ல கொண்டுவந்திருந்தான். 'பாவம் மாமா, இப்படித் தும்மறீங்களே, சூடாக் குடிச்சிட்டு ஏறுங்க'ன்னான்."

மனைவி கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"உன் தம்பி யாருக்காவது டீ குடுத்து நான் பாத்ததில்ல" என்றார் அக்கா.

"என் தம்பியைப் பத்திப் பேசாதீங்க." பழைய விஷம் அவள் குரலில் வந்தது. வந்த வேகத்தில் வற்றியது.

அழைப்புமணி அடித்தது.

மச்சினன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓரடி வைத்தான். தோளில் வேலைப்பை. பையின் பக்கவாட்டில் ஃப்ளாஸ்க்.

"உக்கார நேரமில்லக்கா. மாமா, கூண்டுச் சாவியைக் குடுங்க. காலைல ஏழு மணிக்கு நான் ஏறணும்." கையை நீட்டினான். "ரெண்டு வாரம்னாரு. எதுக்கும் உங்க சாமான் ஏதாவது மேலே இருந்தா சொல்லுங்க, எடுத்துக் கீழே வெச்சிடறேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. இவ்வளவு காலம் யார் கை நீட்டினாலும் மாடிக்காரர் வாயில் என்ன வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். வந்தது. நுனி நாக்குவரை வந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் ஏழரையைக் காட்டியது. அவர் மேசைக்குப் போய், மனைவியின் புது அட்டையிலிருந்து தானே ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தானே தண்ணீர் ஊற்றி, விழுங்கினார். வாயிலிருந்த சொல்லும் கூடவே உள்ளே போய்விட்டது.

"தர மாட்டேன்" என்றார்.

"என்ன மாமா?"

"நாளைக்கு இன்ஜினியர் கையில நானே குடுப்பேன். உன் கையில தர மாட்டேன்."

மச்சினன் சிரிக்கப் பார்த்தான். "என்னக்கா, மாமாவுக்கு இன்னும் மாத்திரை தெளியல போல."

மனைவி எழுந்து வந்து அவன் பையிலிருந்த ஃப்ளாஸ்க்கை உருவினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். கழுவி வைத்திருந்தது. ரொம்ப நன்றாகக் கழுவியிருந்தது. ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவன் அவன். வளர்த்தவளுக்குத் தெரியாதா?

"உக்காரு" என்றாள்.

"நேரமில்லன்னு சொன்னேனே..."

"உக்காருடா."

உட்கார்ந்தான்.

"போன புதன்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தப்ப கடைக்கு வந்தியாம். பில் போடற பொண்ணு சொன்னா. ஜலதோஷம்னு சொல்லி ஒரு அட்டை மஞ்சள் மாத்திரை வாங்கிட்டுப் போனியாம். நான் இவ்வளவு நாளா அதை நெனைக்கவே இல்ல." ஃப்ளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகிச் சாத்தினாள். "உனக்கு ஜலதோஷம் எப்படிடா இருக்கு?"

அவன் மாமாவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அக்கா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. புதுப் பக்கம். தேதி போட்டாகிவிட்டது. மணியும் போட்டாகிவிட்டது.

"சொல்லு தம்பி" என்றார், பேனா மூடியைக் கழற்றியபடி. "எழுதணும்."